வலது குதிகாலில் ஒரு துளை

ஷூவுக்குள் காலை விட்டபோது அது சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த பொருளின் சூடு வேறு. இது, பேருந்தில் ஒருவர் எழுந்துபோன இருக்கையில் உடனே உட்கார்ந்தால் தெரியும் சூடு. உள்ளே லேசான ஈரமும் இருந்தது. காலை வெளியே எடுத்துவிட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண், "என்னாக்கா, உள்ள பல்லி கில்லி இருக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

ஓசூரில் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் சேர்ந்த முதல் நாள் அது. அதற்கு முன்பு ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பதிப்பில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, பிறகு பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியராக இருந்தேன். பதிப்பை நிறுத்திவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவளுக்கு நாற்காலி உள்ள வேலை ஊரில் வேறு கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் கிடைத்தது, பூதக்கண்ணாடிக்குக் கீழே வரும் சின்னச் சின்ன மின்பலகைகளைப் பார்த்து, பற்றவைத்த இடங்களில் விரிசலோ இடைவெளியோ இருந்தால் ஒதுக்கித் தள்ளும் வேலை. எழுத்துப் பிழை பார்த்த கண்ணுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. நிற்பதுதான் புதிது. உட்கார்ந்தால் கண் சொக்கும் என்பதால் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டபோது அந்தச் செய்தியைப் பக்கத்தில் வைத்தது நான்தான். நல்ல நாற்காலியில் உட்கார்ந்து வைத்தேன். தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்கவில்லை என்பதுதான் அன்று என் கவலையாக இருந்தது. அந்தத் திருத்தம் கடைகளுக்கு, தொழிற்சாலைகளுக்கு அல்ல என்பதை இங்கே வந்தபிறகு யோசித்துப் பார்த்தேன்.

வீட்டில் நானும் மகளும்தான். அவள் கிருஷ்ணகிரியில் நர்சிங் படிக்கிறாள். தொழிற்சாலையில் எங்கள் பயிற்சிக் காலம் முடியும்போது யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை லைன் லீடர் முடிவு செய்வார். கண் தப்பாமல் பார்க்கிறாளா என்பதைவிட, மேசையில் சாய்கிறாளா, ஒரு காலைத் தூக்கி மறு காலில் தேய்க்கிறாளா, கழிப்பறைக்குப் போய் நேரம் கடத்துகிறாளா என்பதைத்தான் அவர் அதிகம் கவனிப்பார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் நின்றால் அவள் படிப்பு நடக்கும். கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பில் சேரும் மின்சாரம் விரல் வழியாகப் பலகையில் இறங்கினால் பலகை கெட்டுவிடும். அதனால் அதைக் கால் வழியாகத் தரைக்கு இறக்கிவிடும் ஒருவகை வெள்ளை ஷூவைத்தான் உள்ளே போட வேண்டும். அதை வெளியே எடுத்துப்போகக் கூடாது. வாசலில் ஒரு சோதனை இயந்திரம் உண்டு. இரண்டு பாதங்களையும் உலோகத் தகட்டில் வைத்து, விரலால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வலது காலுக்கு ஒரு விளக்கு, இடது காலுக்கு ஒரு விளக்கு. இரண்டும் பச்சையாக எரிந்தால் கதவு திறக்கும். கால் வறண்டிருந்தால் சிவப்பு எரியும். சாக்ஸும் உள்ளே உள்ள அட்டையும் வேர்வையில் கொஞ்சம் நனைந்தால்தான் மின்சாரம் இறங்கும். ஓசூர்க் குளிரில் புதுப் பெண்கள் இயந்திரத்துக்கு முன்னால் குதித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், கால் வேர்ப்பதற்காக.

நிரந்தர வேலைக்காரர்களுக்குச் சொந்த ஷூ. பயிற்சியில் இருப்பவர்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு ஜோடி. காலை ஷிஃப்டில் ஒருத்தி, மதிய ஷிஃப்டில் ஒருத்தி. நான் மதிய ஷிஃப்ட். சுவர் மாதிரி நிற்கும் அலமாரி, புறாக்கூடு போலக் குழிகள். அந்தப் பக்கம் வெளியே போகும் நடைபாதை, இந்தப் பக்கம் உள்ளே வரும் நடைபாதை. காலைக்காரி அந்தப் பக்கத்திலிருந்து ஷூவைக் குழிக்குள் தள்ளிவிட்டுப் போவாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து எடுப்பேன். நடுவே தடுப்பு இல்லை. ஆனால் யாரும் யாரையும் பார்ப்பதற்கு நேரமில்லை. அவர்களுக்கு வேன் கிளம்பிவிடும், எங்களுக்குக் கதவு மூடிவிடும்.

அளவைத் தேர்ந்தெடுத்ததும் நாங்களேதான். அங்கேதான் தப்பு நடந்தது. சேர்ந்த அன்று ஸ்டோரில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "நம்பர் சொல்லுங்கம்மா, நம்பர் சொல்லுங்க" என்று ஸ்டோர்காரர் அவசரப்படுத்தினார். எல்லோரும் செருப்பு நம்பரைச் சொன்னோம். வாழ்நாள் முழுக்கச் செருப்பு போட்டவர்கள் நாங்கள். செருப்பில் பெருவிரல் விளிம்பைத் தொட்டு நின்றால், குதிகால் பின்னால் பிதுங்காமல் இருந்தால், அளவு சரி. பெரிதாக எடுத்தால் தடுக்கும், பட்டென்று அடிக்கும். அதே அளவுகோலை மூடிய ஷூவுக்கும் வைத்தோம். கச்சிதமாகப் பிடித்தால் நல்லது என்று நினைத்தோம். மதியம் கச்சிதமாகப் பிடித்த ஷூ மாலை டீ இடைவேளைக்குள் காலை நெரிக்க ஆரம்பித்தது. நிற்க நிற்கக் கால் வீங்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. செருப்புக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததே இல்லை, அவ்வளவுதான்.

மறுநாளே போய்ப் பெரிய நம்பர் கேட்டேன்.

"மாத்த முடியாதும்மா," என்றார் ஸ்டோர்காரர். "காலை ஷிஃப்ட்ல ஒரு அம்மா இதே நம்பர் சொல்லுச்சு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான ஜோடி போட்டிருக்கறன். நீங்க மாறுனா அது எங்க போவும்?"

அப்படித்தான் அவளைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். என்னைப் போலவே செருப்பு நம்பரைச் சொன்ன ஒருத்தி.

என் பக்கத்து மேசையில் நின்றவள் தொரப்பள்ளியிலிருந்து வருபவள். முதல் நாள் பல்லி இருக்கிறதா என்று கேட்டவளும் அவள்தான். வாய் சும்மா இருக்காது, கை நிற்காது. "அது உங்க சக்களத்திங்கக்கா," என்றாள். "ஒரே வூடு. அவ வெளிய போனா நீங்க உள்ள வர்றீங்கோ. சண்டை இல்ல, சாடி இல்ல. குடுத்து வெச்ச ஆளு."

"உனக்கும்தானே ஒரு சக்களத்தி இருக்கா?"

"என்னோடது கால் நாத்தம் புடிச்சவக்கா. பவுடர் கொட்டிக் கொட்டிக் குடும்பம் நடத்தறன்."

என் சக்களத்தியின் ஷூவில் நாற்றம் இல்லை. சூடு மட்டும் இருந்தது. ஈரம் இருந்ததால் எனக்கு இயந்திரத்தில் எப்போதும் முதல் அழுத்திலேயே பச்சை எரிந்தது. மற்றவர்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போய்விடுவேன். அது என் வேர்வை அல்ல என்பது ஒவ்வொரு நாளும் ஒரு கணம் நினைவுக்கு வரும்.

நாள் போகப் போக, அட்டையில் பள்ளங்கள் தெரிந்தன. இடது ஷூவின் வெளிவிளிம்பில் ஒரு பள்ளம், சுண்டுவிரலுக்குக் கீழே. நான் அப்படி நிற்பவள் அல்ல. என் பாதம் வேறு இடத்தில் அழுத்தும். நின்ற நேரத்தில் பாதம் மெல்ல வழுக்கி அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். இழுத்துச் சரி செய்வேன். திரும்பவும் போகும். யாரோ உட்கார்ந்து பழகிய நாற்காலி மாதிரி அது என்னை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு வலது குதிகாலில் வலி வந்தது. நடுவில், ஒரு கூழாங்கல்லை மிதித்துக்கொண்டு நிற்பது போல. ஷிஃப்ட் தொடங்கும்போது இருக்காது. டீ முடிந்து திரும்பும்போது வந்துவிடும். ஒரு நாள் டீ இடைவேளையில் கழிப்பறையில் வைத்து, கைக்குட்டையை மடித்து வலது ஷூவுக்குள் திணித்தேன். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் ஷூவுக்குப் பக்கத்தில், குழியின் தரையில், கைக்குட்டை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பு நேராக இருந்தது.

சில நாள் கழித்து வலது ஷூவுக்குள் ஸ்பாஞ்சு வந்தது. பாகங்களைப் பொதிந்து வரும் நீல ஸ்பாஞ்சு, குதிகால் வடிவத்தில் வெட்டியது. அதன் நடுவே ஒரு துளை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது, விளிம்பு பிசிறில்லாமல். கால் வைத்தேன். வலிக்கும் இடம் அந்தத் துளைக்குள் இறங்கிக்கொண்டது. சுற்றியிருந்த ஸ்பாஞ்சு எடையைத் தாங்கியது. அன்று டீக்குப் பிறகும் வலி வரவில்லை.

பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். அவள் குனிந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "அளவெடுத்து வெட்டுனாப்புல இருக்குதுக்கா. உங்க காலு நோவறது அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"கைக்குட்டையைப் பார்த்திருப்பா."

"பாத்துட்டு, நமக்கென்னான்னு போறவதான் அதிகம்," என்று சொல்லிவிட்டு அவள் தன் பலகைக்குத் திரும்பினாள்.

அந்த வாரங்களில் நான் நன்றாக நின்றேன். லைன் லீடர் இரண்டு முறை என்னைக் கடந்து போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போனார், குறை சொல்லவில்லை. பழைய அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி ஒரு சேதி வந்தால் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அச்சுக்கு விடக் கூடாது என்பார்கள். அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. அவள் எனக்காக வெட்டினாள் என்பதற்கு ஸ்பாஞ்சு மட்டும்தான் சாட்சி. ஆனாலும் நம்பினேன். ஒரு நாள் சீக்கிரம் வந்து அலமாரிக்கு முன்னால் நின்றேன். அந்தப் பக்கம் பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் நகர்ந்தது. என் குழிக்குள் ஒரு கை வந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஷூவை இரண்டு விரலால் நேராக்கி, முனை என் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தது. "அக்கா," என்று கூப்பிட்டேன். கை அசையாமல் ஒரு விநாடி நின்றது. பிறகு இழுத்துக்கொண்டது. குழி வழியே பார்த்தபோது வேறு யாருடைய துப்பட்டாவோ கடந்துபோனது.

அவளை நான் பார்த்தது அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை இயந்திரத்தில் ஏறிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டும் சிவப்பு. தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். சிவப்பு. அப்போதுதான் ஷூ குளிர்ந்து கிடந்ததை என் கால் எனக்குச் சொன்னது. உள்ளே அட்டை காய்ந்து சொரசொரவென்று இருந்தது. பக்கத்தில் ஒதுங்கி, மற்றவர்களைப் போல நானும் குதித்தேன்.

செவ்வாயும் அப்படி. வாரம் முழுக்க அப்படி.

லைன் லீடரிடம் கேட்டேன். அவர் என்னைவிட இளையவர், சேலம் பக்கத்துக்காரர். கணினியில் பார்த்து அவள் பெயரைச் சொன்னார். "ஆப்ஸ்காண்டிங்னு காட்டுதுங்க மேடம்."

"என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. சொல்லாம கொள்ளாம நின்னுட்டா சிஸ்டம் அப்பிடித்தான் போடும். டெய்லி ரெண்டு மூனு பேரு இப்பிடித்தான். எதுக்குக் கேக்கறீங்க, சொந்தமா?"

சொந்தமில்லை என்றேன்.

பத்திரிகையில் இதற்கு ஒரு சொல் உண்டு. மாயம். "இளம்பெண் மாயம்", "கூலித்தொழிலாளி மாயம்". ஒற்றைப் பத்தியில், பக்கத்தின் அடியில் போகும் செய்திகள். என்ன நிறப் புடவை, எந்தக் கையில் மச்சம், எங்கே கடைசியாகப் பார்த்தார்கள் என்று எழுதுவோம். காலில் என்ன போட்டிருந்தார் என்று நான் திருத்திய எந்தச் செய்தியிலும் இருந்ததாக நினைவில்லை. இப்போது எனக்கு ஒரு மனுஷியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கால் மட்டும்தான். இடது சுண்டுவிரலில் அழுத்துவாள். வலது நாடாவை மட்டும் தளர்த்தியே வைத்துவிட்டுப் போவாள். முகம், வயது, பேச்சு, ஒன்றும் இல்லை.

தொரப்பள்ளிக்காரி காலை ஷிஃப்ட் பெண்கள் தங்கும் விடுதியில் விசாரித்துக்கொண்டு வந்தாள். "நாட்றாம்பாளையத்துக்காரியாம். பைய எடுத்துக்கினு ஊருக்குப் போயிட்டாளாம். ஆஸ்டல் படிக்கட்டு ஏற முடியாம உக்காந்து உக்காந்து ஏறுனாளாம், கடைசியா."

"எதனால?"

"காலுதான்."

இரண்டு நாள் கழித்துத் தொரப்பள்ளிக்காரியே வேறு ஒன்று சொன்னாள். அதே விடுதியில் இன்னொருத்தி சொன்னதாம். காலைக்காரி ஊருக்குப் போகவே இல்லை, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள். "அங்கயும் நிக்கறதுதான," என்றாள் பக்கத்து மேசைக்காரி. "நின்னுக்கினே சாவறதுக்குன்னே பொறந்திருக்கறோம்." அவள் சிரித்தாள். எனக்கு இரண்டு சேதிகளும் ஒத்துப்போகவில்லை. பழைய வேலையாக இருந்தால் இரண்டையுமே அச்சுக்கு விட்டிருக்க மாட்டேன்.

ஷூ அதன்பிறகு ஒரே ஆளின் ஷூவாக இருந்தது. சூடாக இருக்காது, ஈரமாக இருக்காது. ஆனால் பள்ளங்கள் அப்படியே இருந்தன. ஸ்பாஞ்சு மட்டும் நாளுக்கு நாள் தட்டையாகிக்கொண்டு வந்தது. துளையின் விளிம்பு உள்ளே மடிந்தது. கூழாங்கல் திரும்ப வந்தது, முன்பைவிடச் சீக்கிரமாக. ஒரு நாள் லைன் லீடர் என் பின்னால் நின்று, "மேடம், டேபிள்ல சாயறீங்க," என்றார். நான் சாய்ந்திருந்தது எனக்கே தெரியவில்லை. "பயிற்சி முடியப் போவுது. கொஞ்சம் பாத்துக்கங்க," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

வீட்டில் மகளின் பழைய யோகா விரிப்பிலிருந்து குதிகால் அளவுக்கு ஒரு துண்டை வெட்டினேன். தடிமனாக, மெத்தென்று இருந்தது. துளை போடவில்லை. துளை எதற்கு, இவ்வளவு மெத்தென்று இருக்கும்போது என்று நினைத்தேன். மறுநாள் அதை வலது ஷூவுக்குள் ஸ்பாஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, கால் வேர்க்கும்வரை நன்றாகக் குதித்துவிட்டு, தகட்டில் ஏறினேன். இடது பச்சை. வலது சிவப்பு. எவ்வளவு குதித்தாலும் வலது சிவப்பு.

வாசல் காவலர் எட்டிப் பார்த்தார். "உள்ள ஏதாச்சும் வெச்சிருக்கீங்களாம்மா? குதிகால் வழியாத்தான் கரண்டு எறங்கும், ரப்பரு கிப்பரு வெச்சா எறங்காது."

ஓரமாகப் போய் அந்தத் துண்டை உருவினேன். வலது பச்சை எரிந்தது. உள்ளே போய் என் இடத்தில் நின்றேன். பலகைகள் வந்துகொண்டிருந்தன. பார்த்துத் தள்ளிக்கொண்டே, கையில் ஒரு செய்தி இருந்தால் எப்படி அடுக்குவேனோ அப்படி அடுக்கினேன்.

ஸ்பாஞ்சிலும் மின்சாரம் இறங்காது. குதிகால் முழுக்க மூடினால் சிவப்பு எரியும், வேலைக்குள் விடமாட்டார்கள். குதிகால் அட்டையைத் தொட ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் துளை. என் வலிக்காக அல்ல, இயந்திரத்துக்காக. இடது ஷூவில் ஸ்பாஞ்சு இல்லை. ஏனென்றால் அவளுக்கு இடது காலில் வலி இல்லை. வலதில்தான். அதனால்தான் அவள் எடையை இடப்பக்கம் தள்ளி நின்றாள். அந்தப் பள்ளம் அவள் நிற்கும் வழக்கத்தால் வந்ததல்ல. வலியிலிருந்து விலகி நின்றதால் வந்தது.

அவள் எனக்காக எதையும் வெட்டவில்லை. தனக்காக வெட்டினாள். அவளுக்கும் எனக்கும் ஒரே நம்பர், ஒரே ஷூ, ஒரே காலில், ஒரே இடத்தில் வலி. அவள் எனக்குச் சில வாரம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். கைக்குட்டையை மடித்து வைத்தபோது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று இப்போது தெரிந்தது போல இருந்தது. இவளுக்கும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அந்த வாரம் விடுமுறையில் வந்திருந்த மகள் என்னை வாசலில் நிற்கவைத்தாள். "நடம்மா. கடை வரைக்கும் நடந்துட்டு வா, நான் பாக்கறேன்."

"எதுக்கு?"

"கப்பல் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு போற. எப்பருந்து இப்படி?" என் செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தாள். இடது செருப்பின் வெளிவிளிம்பு தேய்ந்து, ரப்பரின் அடியில் இருந்த வேறு நிறம் தெரிந்தது. அவள் படிக்கும் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தது, சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தேய்மானத்தை எனக்குத் தெரியும். பார்த்துப் பழகியது, அட்டையில். நாட்றாம்பாளையத்திலோ அத்திப்பள்ளியிலோ இருக்கும் ஒருத்தியின் நடையை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.

விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதாகச் சொன்னார்களே, அந்தச் சேதி அன்று முதல் என்னை விடவில்லை. வீட்டுப் படிகள் குறைவு. அவற்றில் ஏறும்போதெல்லாம் கைப்பிடியைத் தொடாமல் ஏற முடிகிறதா என்று பார்ப்பேன்.

பயிற்சி முடிந்தது. லைன் லீடர் எங்கள் வரிசையில் சிலரை அழைத்துச் சொன்னார். நான் இருந்தேன், தொரப்பள்ளிக்காரியும் இருந்தாள். சொந்த ஷூ தருவார்கள், மறுநாள் ஷிஃப்டுக்கு முன்னால் ஸ்டோரில் வாங்கிக்கொள்ளலாம்.

"மாலையில் வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"ஸ்டோரு மதியம் ரெண்டு மணியோட மூடிருவாங்க மேடம்."

மதியக் கால் வேறு, மாலைக் கால் வேறு. இன்னும் வராத ஒரு காலுக்கு அளவு எடுக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் எழுந்ததிலிருந்து நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். துணி துவைத்தேன், துவைத்த துணியை மறுபடி அலசினேன். நின்றுகொண்டு செய்தித்தாள் படித்தேன். பேருந்தில் பாதி இருக்கைகள் காலி.

"சீட்டு காலியா இருக்குது, உக்காரும்மா," என்றார் நடத்துநர்.

"வேணாங்க."

"தளி வரைக்கும் போற வண்டிம்மா இது, வழியில ஏறுவாங்கோ. அப்பறம் கெடைக்காது."

"பரவால்லங்க, நிக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் போனார்.

ஸ்டோருக்குப் போனபோது வலது குதிகாலில் கூழாங்கல் வந்து உட்கார்ந்திருந்தது. வரட்டும் என்றுதான் இருந்தேன். ஷிஃப்டில் போடும் அதே தடித்த சாக்ஸை மாட்டிக்கொண்டு, செருப்பு நம்பருக்கு ஒன்று கூடுதலாகக் கேட்டேன். போட்டு நின்றேன். பின்னால் விரல் நுழையவில்லை. இன்னும் ஒன்று கூடுதலாகக் கேட்டேன். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் போனது. முன்னால் விரல்களை மடக்கி நீட்ட முடிந்தது. நாடாவை இறுக்கினால் குதிகால் தூக்கவில்லை.

"சம்பளம் ஏறுனதும் காலும் ஏறிருச்சாம்மா?" என்றார் ஸ்டோர்காரர்.

"சாயங்காலம் வந்து பாருங்க, இன்னும் ஏறியிருக்கும்."

பக்கத்தில் தொரப்பள்ளிக்காரி தன் பழைய நம்பரையே வாங்கிக்கொண்டு நின்றாள். நான் சொல்லிச் சொல்லி ஒரு நம்பர் ஏற்றிக்கொண்டாள். "லொடலொடன்னு இருக்குதுக்கா, எங்க வூட்டுக்காரர் ஷூவ மாட்டிக்கினாப்புல," என்று முனகினாள். மாற்றித் தரச் சொல்லவில்லை.

பழைய ஜோடியை என்ன செய்வீர்கள் என்று ஸ்டோர்காரரிடம் கேட்டேன். "நல்லாத்தான இருக்குது. அடுத்த பேட்ச் வந்திருக்குது, அவங்களுக்குத்தான்," என்றார். நான் கொடுக்க வேண்டியதில்லை. அது குழியிலேயே இருந்தது.

இருபது, முப்பது அடி தள்ளி அலமாரிக்கு முன்னால் புதியவர்கள் நின்றிருந்தார்கள். என் குழியில் கை விட்டவள் என் வயதுக்காரி, இருந்தால் ஒன்றிரண்டு கூட இருக்கலாம். தளிப் பக்கம், பூத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. விரல் நுனிகளில் ரோஜா முள் கீறிய கறுப்புக் கோடுகள் இருந்தன. அவள் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள்.

"செருப்பு நம்பரையே சொன்னீங்களா?" என்று அருகே போய்க் கேட்டேன்.

"ஆமா அக்கா. கரெக்டா இருக்கு."

"அது பத்தாது. இன்னிக்கே போய்ப் பெரிய நம்பர் கேளுங்க. நாளைக்கு ஆச்சுன்னா மாத்தித் தரமாட்டாங்க."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் யார், எதற்குச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. "சென்னாகிதே அக்கா," என்றாள் கன்னடத்தில், நன்றாக இருக்கிறது என்று. பிறகு வலது குதிகாலைத் தரையில் இரண்டு முறை அழுத்திக் காட்டினாள். "இந்தக் காலுல மட்டும் மெத்துன்னு வெச்சிருக்காங்க. நல்ல ஷூ."

"அது கம்பெனி வெச்சதில்ல. முன்னாடி இருந்தவங்க, கால் வலி தாங்காம வெச்சது. அவங்க இப்ப இல்ல."

"செத்துட்டாங்களா?"

"இல்ல. தெரியல."

அவள் முகத்தில் சிரிப்பு குறைந்தது. ஷூவை ஒருமுறை குனிந்து பார்த்தாள். கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். நாடாவில் கை வைத்தாள், ஆனால் அவிழ்க்கவில்லை, இறுக்கினாள். "மொத நாளு அக்கா," என்றாள் தாழ்ந்த குரலில். "மொத நாளே மாத்திக் கேட்டா என்ன நெனப்பாங்க. கால் அட்ஜஸ்ட் ஆயிரும்."

லைன் லீடர் கதவருகிலிருந்து எல்லோரையும் வரச் சொன்னார். அவள் போய்த் தகட்டில் ஏறி நின்று பொத்தானை அழுத்தினாள். இரண்டும் சிவப்பு. மற்றவர்கள் குதிப்பதைப் பார்த்து அவளும் ஓரமாகப் போய்க் குதித்தாள். கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பச்சை எரிந்தது. திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.